தொடர எஃப் ஒன்

மே 2, 2024, வியாழன்

புது சர்வர் வந்து இறங்கிவிட்டது. கோயமுத்தூரிலிருந்து வந்த வேன், கரும்பு லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது. வாசல் காவலாளி பழக்கதோஷத்தில் அதையும் எடைமேடையில் ஏற்றிச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டார். முப்பத்தொரு வருடமாக இந்தச் சர்க்கரை ஆலையின் கணினிப் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். எடைச்சீட்டோடு வந்த முதல் கம்ப்யூட்டர் இதுதான்.

மே 31 அன்று எனக்கு ஓய்வு. பழைய சர்வருக்கும் அன்றைக்கேதான். மேலாளர் சேனாபதி இதைப் பெரிய நகைச்சுவையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். "ரங்கநாயகியும் சர்வரும் ஒரே நாள்ல ரிட்டயர்டுங்க." சிரித்து வைத்தேன். மூன்றாவது முறை சொன்னபோது சிரிக்கவில்லை.

பழையது 2005இல் வந்தது. காலையில் பொத்தானை அழுத்தினால் காற்றாடிகள் ஓவென்று கத்தும். அப்புறம் ஒரு பீப். ஒரே ஒரு பீப் என்றால் உடம்புக்கு ஒன்றுமில்லை. கறுப்புத் திரையில் நினைவகத்தை முழுக்க எண்ணி முடித்து, டிஸ்குகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஏதாவது குறை இருந்தால் 'தொடர எஃப் ஒன் அழுத்தவும்' என்று கேட்டு நிற்கும். அழுத்தினால் போய்விடும். அந்த மூன்று நிமிடத்தில் ஒரு காப்பி குடித்துவிடலாம். பகலில் கரண்ட் போய் வந்து மறுபடி எழுப்பும்போதெல்லாம் நானும் கூட வேலை பார்த்த தங்கரத்தினமும் அப்படித்தான் குடிப்போம்.

மே 3, வெள்ளி

வெயில் தாங்கவில்லை. சர்வர் அறை ஏ.சி. ஒழுகுகிறது. பக்கெட் வைத்தேன்.

மே 6, திங்கள்

புதியதை நிறுவ வந்திருப்பவர் பெயர் இக்பால். நாற்பது வயது இருக்கும். அமைதியானவர், கையைத் துடைத்துவிட்டுத்தான் எதையும் தொடுகிறார். அதனாலேயே பிடித்துப்போயிற்று.

பழையதை ஒருமுறை நிறுத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். ஓட்டினோம். வழக்கம்போல 'நிகழ்வுப் பதிவு நிரம்பிவிட்டது, தொடர எஃப் ஒன்' என்று வந்தது. நான் கை நீட்டி எஃப் ஒன்னை அழுத்தினேன்.

"மேடம், லாக் ஃபுல்லுன்னு வருதுங்க. எத்தன நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா."

"க்ளியர் பண்ணிடட்டுங்களா? ஒரு நிமிச வேலைங்க."

"வேண்டாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "எடுத்துட்டுப் போகப் போற மெஷின். எதுக்குப் போட்டு நோண்டணும்" என்று சமாளித்தேன்.

அப்புறம் முன்பக்கத் தூசியைத் துடைத்தவர், "இங்க ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்குதுங்களே" என்றார். ஆயுத பூஜைக்கு வைத்தது என்றேன். அவர் அதைச் சுற்றித் துடைத்தார், உரிக்கவில்லை. பூஜைப் பொருளுக்கு என்ன மரியாதை! மெரூன் பொட்டு, விளிம்பு வெளுத்துவிட்டது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும்தான் வைப்போம். ஸ்டிக்கர் பொட்டு யாரும் வைப்பதில்லை.

மே 8, புதன்

புது இயந்திரத்தை இன்று முதன்முதலாகத் திறந்து காட்டினார். எனக்குத் தெரிந்த செட்டப் திரை நீல நிறம், வெள்ளை எழுத்து, அம்புக்குறி விசைகள் மட்டும். இதில் படம், சுட்டி, தேடும் பெட்டி எல்லாம் இருக்கிறது. "இது பயாஸ் இல்லீங்க மேடம், யூ.இ.எஃப்.ஐ." என்றார். எழுத்தெழுத்தாக நானும் சொல்லிப் பார்த்தேன். பயாஸ் என்றால் வாயில் அழகாக உட்கார்ந்திருந்தது.

பயாஸை எனக்குப் பிடிக்கும். கரண்ட் வந்ததும் முதலில் கண் விழிப்பது அதுதான். மதர்போர்டில் ஒரு சின்னச் சில்லுக்குள் இருக்கிற சின்ன நிரல். யார் யார் வந்திருக்கிறார்கள், உடம்பு சரியா என்று எல்லாரையும் விசாரித்துவிட்டு, டிஸ்கை எழுப்பி வேலையை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பக்கத்திலேயே ஒரு வட்டப் பேட்டரி. கைக்கடிகாரத்தில் போடுகிற மாதிரி. கரண்ட் முழுக்கப் போனாலும் தேதியையும் நேரத்தையும் காப்பாற்றி வைப்பது அந்தப் பேட்டரிதான்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தை நானும் தங்கரத்தினமும் அகராதியை வைத்துக்கொண்டு படித்தோம். அவள் பன்னிரண்டாம் வகுப்புதான். ஆனால் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வாள். காலை ஏழு மணி ஷிப்ட்டுக்கு அவள்தான் வந்து பிரிவைத் திறந்து சர்வரை எழுப்புவாள். நான் பத்து மணிக்கு வருவேன். மத்தியானம் இருவரும் ஒரே டிபன் பாக்ஸ் மூடியில் கை வைப்போம். அவள் கொண்டு வருகிற கொள்ளுப் பருப்பு மாதிரி நான் இன்னும் சாப்பிடவில்லை. ஏழெட்டு வருடம் அப்படி ஓடியது.

2013 ஜனவரியில் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

மே 13, திங்கள்

இன்று உயிர் போய் உயிர் வந்தது.

பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே புதியதில் நகல் எடுத்தார் இக்பால். வெள்ளி மாலை ஆரம்பித்தது இன்று காலை முடிந்தது. ஓட்டினால், 'துவக்கச் சாதனம் எதுவும் இல்லை' என்று புது இயந்திரம் கைவிரித்துவிட்டது. இருபதாயிரம் விவசாயிகளின் பதிவு, எடை, வெட்டு உத்தரவு எல்லாம் அதற்குள்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"டேட்டா எல்லாம் பத்திரமாத்தான் இருக்குதுங்க மேடம்" என்றார் அவர். "எங்க தேடறதுன்னுதான் இதுக்குத் தெரியல."

பொறுமையாக விளக்கினார். பயாஸ் டிஸ்கின் முதல் துண்டுக்குப் போகும். ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்து கொள்கிற சின்னத் துண்டு. அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதை மறுபேச்சில்லாமல் நம்பி ஓட்டும். யார் எழுதினார்கள் என்று கேட்காது. புதியது அந்தப் பக்கமே போகாது. டிஸ்கில் தனக்கென்று ஒரு பகுதி ஒதுக்கியிருக்க வேண்டும், அதில் துவக்கக் கோப்பு உரிய பெயரோடு இருக்க வேண்டும், அதில் சரியான கையெழுத்து இருக்க வேண்டும். அப்போதுதான் ஓட்டும்.

"பழைய மாதிரியே ஓட்ட வழியில்லையா?"

"போன மாடல் வரைக்கும் இருந்துதுங்க. இதுல எடுத்துட்டாங்க."

டிஸ்கின் அமைப்பையே மாற்றி எழுத வேண்டுமாம், இரண்டு நாள் ஆகுமாம். செய்யுங்கள் என்றேன். பிறகு போகிற போக்கில் கேட்பதுபோல, "அந்த நிகழ்வுப் பதிவு இருக்குதே, அதுவும் புதுசுக்கு வந்துருமா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம். அது டிஸ்க்ல இல்ல, போர்டுலயே ஒரு சிப்ல இருக்குது. டிஸ்க்கை எத்தன தரம் காப்பி பண்ணினாலும் வராது. மெஷின் போனா அதுவும் போச்சு. வேணுங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மனசு லேசாக இருந்தது. ஏன் லேசாக இருந்தது என்று, இப்போது எழுத உட்கார்ந்த பிறகும் யோசிக்கப் பிடிக்கவில்லை.

மே 15, புதன்

புதியது ஓடுகிறது. சத்தமே இல்லை. பீப் கூட இல்லை. இருக்கிறதா செத்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன்.

மத்தியானம் சேனாபதி ஒரு பட்டியலோடு வந்தார். இனிமேல் விவசாயிகள் கரும்பைப் பதிய ஆலைக்கு அலைய வேண்டியதில்லை. அவரவர் ஊர் இ-சேவைக் கடையிலேயே பதியலாம். அதற்காக ஒன்பது கடைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டியலை நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஐந்தாவது பெயர்: த. தங்கரத்தினம், நால்ரோடு.

"இந்தம்மா முன்னாடி இங்க வேல செஞ்சவங்கதானுங்களே?" என்றார் சேனாபதி. "பழைய ஃபைல பாத்தேன். தேதி மாத்துன கேசுன்னு எழுதியிருக்குது. பதிவுத் தேதிய மாத்துனவங்க கையிலயே பதிவு வேலயக் குடுக்கறதுங்களா? அடிச்சரலாமுங்களா?"

"பாத்துச் சொல்றேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே. இருபத்தெட்டாந்தேதிக்குள்ள சொல்லிருங்க. அன்னிக்குத்தான் பழைய மெஷினையும் காயலாங்கடைக்காரன் எடுக்க வர்றான்."

இவருக்கு எல்லாவற்றையும் ஒரே தேதியில் வைத்தால்தான் திருப்தி.

மே 16, வியாழன்

பட்டியல் மேசையில் கிடக்கிறது. ஏ.சி. மெக்கானிக் வரவில்லை.

மே 19, ஞாயிறு

இட்லிக்கு ஊறப்போட்டேன். பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏறி, ஆலை கொடுத்த பழைய டைரிகளை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து பார்த்து, "ரிட்டயர்டு ஆகறதுக்குள்ளயே ஆரம்பிச்சுட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2012 டைரி. மார்ச் 14. 'காலையில் பவர் கட். சர்வர் தேதி சரிசெய்தேன். மதியம் கொள்ளுப் பருப்பு.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

எழுதாததை இப்போது எழுதுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

அந்த வருடம் கரண்ட் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று கணக்கே இல்லை. அன்று விடியும் முன்பே யு.பி.எஸ். முழுக்க வற்றி சர்வர் நின்றுபோயிருக்கிறது. ஏழு மணிக்கு ரத்தினம் வந்து எழுப்பினாள். எஃப் ஒன் கேட்டது. நான் சொல்லிக் கொடுத்தபடி அழுத்தினாள். வாசலில் பதிவுக்கு ஆட்கள் நின்றார்கள். பத்து மணிக்குள் பதினோரு பேருடைய கரும்பைப் பதிந்தாள். நான் வந்து பார்த்தபோது சர்வர் கடிகாரம் ஜனவரி 1 என்று காட்டியது. திருத்தினேன். அந்தப் பதினோரு பதிவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் நிரலில் வருடத்தை மட்டும் நாம் தேர்ந்தெடுப்போம். நாளையும் மாதத்தையும் சர்வர் கடிகாரத்திலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். ஆகவே மார்ச் 14இல் பதிந்த பதினோரு பேரும் ஜனவரி ஒன்றாம் தேதியே பதிந்தவர்களாகிவிட்டார்கள். பதிவுத் தேதி முன்னால் இருப்பவருக்குத்தான் முதலில் வெட்டு உத்தரவு. பின்தங்கினால் கரும்பு பூத்து, சாறு வற்றிப் போகும். இந்தப் பக்கத்தில் ஒருவன் கல்யாணத் தேதியை மறந்தாலும் பதிவுத் தேதியை மறக்க மாட்டான்.

நவம்பரில் வெட்டுப் பட்டியலை அச்சடித்து ஒட்டினார்கள். பதினோரு பெயரும் உச்சியில். அதில் ஒருவர் ரத்தினத்தின் கொழுந்தனார். ஆலை வாசலில் நானூறு பேர் கூடிவிட்டார்கள். கொழுந்தனுக்காகத் தேதியை மாற்றிவிட்டாள் என்று ஒருவர் கத்த, எல்லாரும் கத்தினார்கள்.

அவள் தானாக வேலையை விட்டுப் போகவில்லை.

மே 21, செவ்வாய்

மத்தியானம் இக்பால் சாப்பிடப் போனதும் பழையதை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். எஃப் ஒன் கேட்டது. இந்த முறை எஃப் டூ அழுத்தினேன். நீலத் திரை. நிகழ்வுப் பதிவுக்குள் போனேன். பதினோரு வருடமாக இந்தப் பக்கம் நான் வரவில்லை.

இயந்திரம் தனக்கு வந்த கோளாறுகளைத் தானே எழுதி வைக்கிற பதிவு, நிரம்பிப்போனது. நிரம்பினால் அது புதியதை எழுதாது, பழையதை அழிக்காது. எல்லாம் அப்படியே இருக்கிறது. பிப்ரவரி 20, 2012: பேட்டரி பலவீனம். பிப்ரவரி 24: பேட்டரி பலவீனம். மார்ச் 2, மார்ச் 7, மார்ச் 12. அதற்கு அடுத்த வரியின் தேதி ஜனவரி 1, 2003. நேரம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ஒரு தடவை படித்தால் யாருக்கும் புரியும். ரத்தினம் எதையும் மாற்றவில்லை. பேட்டரி செத்தது, கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிட்டது.

அப்புறம், பொட்டு.

பிப்ரவரி கடைசியில் முன்பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. "அக்கா, மஞ்ச லைட்டு எரியுதுங்க" என்றாள். ஈரோட்டுக்குப் போகும்போது பேட்டரி வாங்கி வருகிறேன் என்றேன். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கிற பேட்டரி அது. மறுநாள் ஜி.எம். பார்வையிட வருகிறார் என்றதும், அந்த விளக்கைப் பார்த்து ஆயிரம் கேள்வி கேட்பாரே என்று, என் நெற்றிப் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எஃப் ஒன் கேட்டால் அழுத்திட்டுப் போ என்று சொன்னேன். மூன்று வாரம் அப்படியே விட்டேன். மார்ச் 14க்கு அப்புறம் ஓடிப்போய் வாங்கிப் போட்டேன். விளக்கு அணைந்தது. பொட்டு இருந்துவிட்டது.

விசாரணையில் ஜி.எம். என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். இயந்திரத்தில் கோளாறு ஏதும் இருந்ததா? மேசையில் என் பராமரிப்புப் பதிவேடு விரிந்து கிடந்தது. ஒவ்வொரு மாதமும் 'பேட்டரி: நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பிப்ரவரியிலும்.

"கோளாறு எதுவும் இல்லைங்க சார்" என்றேன்.

எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குப் பயமாக இருந்தது, வெட்கம் வரவில்லை. அது வருவதற்குப் பதினோரு வருடம் எடுத்துக்கொண்டது.

அந்தத் திரையைப் பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்தேன். இக்பால் வருவதற்குள் மூடிவிட்டேன்.

மே 23, வியாழன்

நால்ரோட்டில் இறங்கினேன். பேக்கரிக்குப் பக்கத்தில் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், சுவரில் சான்றிதழ் வகைகளின் பட்டியல். ரத்தினத்துக்கு முன்தலை நரைத்திருக்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறாள். தட்டச்சு மட்டும் அதே வேகம்.

"வாங்கக்கா" என்றாள், ஏதோ நேற்றுப் பார்த்தவள் மாதிரி. "உக்காருங்க. இவங்க மூணு பேரு வேலைய முடிச்சுட்டு வந்தர்றேன்."

உட்கார்ந்தேன். ஒரு வருமானச் சான்று, ஒரு சாதிச் சான்று, ஒரு பட்டா. மூன்றாவது ஆளுடைய கைரேகை விழவே இல்லை. அவர் விரலைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். ஐந்து தரம். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"அப்ளிகேசன் விசயமுங்களாக்கா? பழைய ஃபைல எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"தெரியும். எடுப்பாங்கன்னு தெரிஞ்சுதான் போட்டேன். இந்த ஊருல எவனும் என்ற கடைல கரும்புச் சமாச்சாரம் பேச மாட்டான். ஆலை லிஸ்டுல பேரு வந்துதுன்னா ஊரு வாயடைச்சுரும்னு ஒரு ஆச."

"ரத்தினம், அன்னிக்கு மஞ்ச லைட்டு..."

"நீங்க பொட்டெடுத்து ஒட்டுனீங்களே! எப்படி மறக்கும்? சிரிச்சு சிரிச்சு எனக்குப் பொறையேறிப் போச்சு."

"விசாரணைல நீ ஏன் அதச் சொல்லல?"

"சொன்னனுங்களே." அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "பேட்டரி லைட்டு எரிஞ்சுது, அதுல தேதி மாறியிருக்கும்னு சொன்னேன். சரி, ரங்கநாயகியக் கேக்கறேன்னாரு ஜி.எம். உங்களக் கேட்டதுக்கு நீங்க கோளாறு ஒண்ணுமில்லைன்னுட்டீங்க. அக்காவுக்குத் தெரியல போலிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். பேட்டரிக்கும் தேதிக்கும் சம்பந்தம் இருக்கறது அக்காவுக்கே வெளங்கலைன்னு. வூட்டுல எல்லாரும் உங்களத் திட்டுனாங்க. நாந்தான் சண்ட போட்டேன். அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாங்கன்னு."

பிரின்டர் ஓடி நின்றது. அவள் தாளை எடுக்கவில்லை.

"தெரியுமுங்களா அக்கா?"

அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து படித்த புத்தகம். பேட்டரி பற்றி அதில் நாற்பத்தொன்றாம் பக்கம். அடிக்கோடு போட்டவளே நான்.

"தெரியும்" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள். "சரிங்க மேடம்" என்றாள். "வெளிய ஆளு நிக்கறாங்க. அடுத்தவங்கள வரச் சொல்லுங்க."

படம் எடுத்த போனை நான் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

மே 24, வெள்ளி

லீவு போட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

மே 27, திங்கள்

காலையில் முதல் வேலையாக சேனாபதியைச் சர்வர் அறைக்குக் கூட்டிப்போனேன். இக்பாலும் கூட இருந்தார். பழையதை ஓட்டி, நீலத் திரையைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். சேனாபதிக்குப் புரியவில்லை. இக்பால்தான் இரண்டே வாக்கியத்தில் விளக்கினார். பிறகு நான் முன்பக்கம் குனிந்து பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பசை காய்ந்து விளக்கோடு ஒட்டிப்போயிருந்தது. அடியில் சின்ன விளக்கு, அதன் பக்கத்தில் பேட்டரிக் குறி. இக்பால் அதையும் என்னையும் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எழுதிக்கொண்டு போயிருந்த கடிதத்தைக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். பதிவேட்டில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டது, விசாரணையில் மறைத்தது, எல்லாம்.

சேனாபதி இரண்டு தரம் படித்தார். "இன்னும் நாலு நாளுங்க. மாலையெல்லாம் சொல்லியாச்சு. இப்ப எதுக்குங்க இத? அந்தம்மா பேர நான் பட்டியல்ல விட்டுர்றேன். யாரு கேக்கப் போறாங்க?"

"அப்படி விட்டா இரக்கப்பட்டு விட்டதா ஆகிரும். இத அவ ஃபைல்ல வையுங்க. ஒரு நகல் என்ற ஃபைல்லயும். ஒண்ணு அறிவிப்புப் பலகைல."

"பலகைலயுமா?"

"அன்னிக்கு அவ பேரு பலகைலதானே ஒட்டுனீங்க."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "பாராட்டுப் பத்திரத்துல 'குறையேதுமில்லாத சேவை'ன்னு அச்சடிச்சு ஃப்ரேம் போட்டாச்சுங்களே."

அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். ஃப்ரேமைக் கழற்றினால் கண்ணாடி உடைந்துவிடும் என்றார். உடையட்டும் என்றேன். எனக்குக் கோபம் வந்தால் ஜில்லா தாண்டும் என்று ரத்தினம் சொல்வாள். இன்று அந்தக் கோபம் முதல்முறையாக உருப்படியான இடத்தில் போய் விழுந்தது.

மே 28, செவ்வாய்

பழையது போய்விட்டது. கடைசியாக ஒருமுறை எழுப்பினேன். காற்றாடிகளின் ஓலம், ஒரு பீப், நினைவகத்தின் எண்ணிக்கை. எஃப் ஒன் கேட்டது. அழுத்தவில்லை. அது கேட்டபடியே நிற்க, பின்பக்க வயரைப் பிடுங்கினேன்.

இக்பால் மூடியைத் திறந்து அந்த வட்டப் பேட்டரியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க மேடம்" என்றார். 2012இல் நான் போட்டது. இன்னும் கொஞ்சம் உயிர் இருக்குமாம். வாங்கி மணிபர்சில் போட்டுக்கொண்டேன். இதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள எனக்குப் பேட்டரி தேவையில்லை.

பலகையில் கடிதத்தை ஒட்டிவிட்டார்கள். சாப்பாட்டு வேளையில் என் மேசைப் பக்கம் யாரும் வரவில்லை. தனியாகச் சாப்பிட்டேன்.

மே 31, வெள்ளி

விழா மூன்று மணிக்கு. காலை பத்து மணிக்குப் புது சர்வரில் பதிவு ஆரம்பம். அதுவரை என் வேலை முடியவில்லை என்று சொல்லி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பத்தாயிற்று. பத்து ஐந்து. ஒன்பது கடையிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. இக்பால் இணைப்பைப் பார்த்தார், சரியாக இருந்தது. பத்து பதினான்குக்குத் திரையில் ஒரு வரி விழுந்தது.

பதிவு எண் 1. மையம்: நால்ரோடு. விவசாயி பெயர், பழனியப்ப கவுண்டர். இரண்டரை ஏக்கர். பதிவுத் தேதி 31-05-2024. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. காலியாக விடலாம், பெரும்பாலும் யாரும் நிரப்ப மாட்டார்கள் என்று இக்பால் சொல்லியிருந்தார்.

அதில் எழுதியிருந்தது: 'தேதி சரியாக விழுகிறதா? ரங்கநாயகியக்கா பார்த்துச் சொன்னால்தான் அடுத்தது போடுவேன்.'

சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இக்பாலிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். அவர் சொன்ன பிறகும் எழுந்து போய், சர்வரின் செட்டப் திரையில் அதன் கடிகாரத்தையும், பேட்டரியின் நிலையையும் என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். 'நன்று' என்று இருந்தது. அதைப் படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. இக்பால் ஏ.சி. பக்கெட்டில் தண்ணீர் நிறைந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

உட்கார்ந்து அந்தக் கட்டத்தின் கீழேயே பதில் தட்டினேன். 'பார்த்தேன் ரத்தினம். சரியாக விழுகிறது.'

நான்கு நிமிடம் கழித்து நால்ரோட்டிலிருந்து இரண்டாவது பதிவு வந்தது.